கிளைடர் பரீட்சையும் கீழ்க்கடை நோட்டும்

கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாத விமானம். தரையில் இருக்கும் ஓர் இயந்திரம் நீளமான கயிற்றை வேகமாகச் சுற்றி இழுக்க, அது பட்டம் போல மேலே ஏறும். போதிய உயரம் போனதும் கயிற்றைக் கழற்றிவிட்டு, காற்றை நம்பி மிதக்கும். இதை நான் எங்கும் போய்ப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. மேற்குத் தாம்பரத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு நேர் மேலே, முதல் மாடியில், விமானிகளுக்கான பயிற்சி வகுப்பு நடக்கிறது. அங்கே சார் கத்துவது மாடிப்படி வழியாக இறங்கி என் கடைக்குள் வந்து நிற்கும். மெஷின் ஓடாத நேரமெல்லாம் நானும் அந்த வகுப்பில்தான் இருந்தேன் என்று சொல்லலாம்.

மேலே படிப்பவர்களில் பெரும்பாலானவர்கள் எஞ்சின் உள்ள விமானத்துக்குப் படிப்பவர்கள். கிளைடர்காரர்கள் ஐந்தாறு பேருக்கு மேல் இருந்ததில்லை. பறக்கிற பயிற்சி அவர்களுக்கு வடக்கே எங்கோ ஒரு மைதானத்தில். எழுத்துப் பரீட்சைக்கான பாடம் மட்டும் இங்கே. சொல்லித்தரும் சார் விமானப்படையில் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல ஆசிரியர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்லப்போவதைப் படித்தால் அப்படித் தோன்றாது.

பரீட்சையைக் கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். கேள்விகள் ரகசியம். கேள்வித்தாள் என்று எதையும் கையில் தரமாட்டார்கள். எழுதி முடித்ததும் எத்தனை மார்க் என்று மட்டும் திரையில் வரும். எது சரி, எது தப்பு என்று சொல்லாது. கடவுளுக்கும் கம்ப்யூட்டருக்கும் மட்டும் தெரிந்த அந்த ரகசியம் முழுவதும் என் கடையில், நீல அட்டை போட்ட ஒரு நீள நோட்டில் இருந்தது.

அது எப்படி வந்தது என்றால், பரீட்சைக்குப் போகிறவர்களிடம் முதல் நாளே வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். நீ காற்றைப் பற்றிய கேள்விகளை ஞாபகம் வைத்துக்கொள், நீ சட்டம், நீ கயிறு, நீ திசை. பரீட்சை முடிந்ததும் நேராக ரயில் ஏறி, தாம்பரத்தில் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல், சூடு ஆறுவதற்குள் என் கடைக்கு வந்து அந்த நோட்டில் எழுதிவைக்க வேண்டும். இடது பக்கம் கேள்வி. வலது ஓரத்தில் ஒரு கோடு போட்டு, விடை. கீழே தேதியும் கையெழுத்தும். அடுத்து பரீட்சைக்குப் போகிறவர்கள் வந்து அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போவார்கள்.

சாருக்கு இந்த நோட்டைப் பற்றி எதுவும் தெரியாது. பாடம் முடிந்ததும், "கீழ போய் ஜெராக்ஸ் எடுத்துக்குங்க" என்று மட்டும் சொல்வார். எதை என்று சொல்லமாட்டார். யாராவது புதிதாகச் சேர்ந்தவர், "எத சார்?" என்று கேட்டுவிட்டால், ஜன்னல் பக்கம் திரும்பி பல்லாவரம் பக்கமிருந்து கிளம்பி வரும் விமானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

நோட்டில் அதிகம் எழுதியவர் கட்டட ஓனருடைய மகன். ஓனர் குடும்பம் இந்த ஊரின் பழைய குடும்பம். நிலமாக இருந்ததெல்லாம் இப்போது கட்டடமாகவும் கடையாகவும் நிற்கிறது. மகனுக்கு வாடகை வாங்குவதில் ஆசை இல்லை, பறப்பதில்தான் ஆசை. தைரியசாலி. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கேள்விகளை ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் வைத்திருப்பார். அவர் எழுதிய பக்கங்களைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். பின்னால் சேர்ந்தவர்கள் அவருடைய கையெழுத்தைப் பார்த்ததும், "இது அண்ணன் எழுதுனது, கரெக்டா இருக்கும்" என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

அந்த நோட்டைத் தொடாத ஒரே ஆள் ஒரு பெண். அஸ்தினாபுரத்தில் வீடு. அப்பா பல்லாவரத்தில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். இவர் குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியின் பில் கவுண்டரில் காலை ஷிப்ட் முடித்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவோடு மதிய வகுப்புக்கு வருவார். கல்லூரி நாட்களிலேயே தேசிய மாணவர் படையில் சேர்ந்து கிளைடரில் பறந்தவர். இரண்டு முறை பரீட்சை எழுதி, இரண்டு முறையும் கொஞ்சம் மார்க்கில் தவறிவிட்டார். எழுதிவிட்டு வந்து என் கடையில் நோட்டைக் கேட்கவும் இல்லை. ஓனர் மகன் ஒருநாள் என் கடை வாசலிலேயே அவரை மடக்கினார்.

"இன்னாக்கா, நீ மட்டும் நோட்டாண்டயே வரமாட்டேங்கிற? கேள்வி அத்தினியும் கீது. சொம்மா நெட்டுரு போட்டுகினு போ."

"தெரிஞ்ச கேள்விக்கு பதில் எழுதுனா எனக்கே சிரிப்பு வரும் தம்பி."

"ஃபெயில் ஆனா வரலியா சிரிப்பு?"

"அது உனக்குதானே பழக்கம். நீயே சொல்லு."

ஓனர் மகன் கோபப்படவில்லை. சத்தம் போட்டுச் சிரித்தார். தோற்றுத் தோற்று ஒருவிதமான பெருந்தன்மை அவருக்கு வந்திருந்தது.

இந்த நிலைமையில்தான் பரீட்சை நடத்தும் அலுவலகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. கிளைடர் விமானிகளுக்கான தேர்வுக் கேள்விகளை முன்கூட்டியே வெளியிடலாமா, வேண்டாமா என்று பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று. சார் அதைப் பதின்மூன்று பிரதி எடுக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை மாடியில் கூட்டம். மாணவர்கள், சில பெற்றோர்கள், கட்டட ஓனர். பிரதிகளைக் கொண்டுபோய்க் கொடுக்க நானும் போனேன். கொடுத்துவிட்டு இறங்கிவிடலாம் என்று பார்த்தால், கதவுக்குப் பக்கத்தில் டீ ஃபிளாஸ்க்கைக் கையில் கொடுத்து நிறுத்திவிட்டார்கள்.

சார் முதலில் பேசினார். 

"கேள்விய முன்னாடியே குடுத்துட்டா பசங்க மனப்பாடம்தான் பண்ணுவாங்க. மேல போயி ஆபத்து வந்தா மனப்பாடமா வந்து காப்பாத்தும்? இந்த இன்ஸ்டிட்யூட் ஒருநாளும் அதுக்கு ஒத்துக்காது. ரகசியம் ரகசியமா இருக்கணும்."

அந்தப் பெண்ணைத் தவிர மாணவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டியவர்கள் எல்லோரும் முந்தின வாரம் என் கடையில் ஜெராக்ஸ் எடுத்தவர்கள். நானும் ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினேன். தட்டாமல் நின்றால் என்னைப் பார்ப்பார்கள்.

ஓனருக்குக் கூட்டம் எதற்கென்று சரியாகப் பிடிபடவில்லை. ஆனால் தன் கட்டடத்தில் நடக்கும் கூட்டத்தில் பேசாமல் இருப்பது அவருக்கு வழக்கமில்லை.

"இன்னா ரகசியம் சார்? எம் புள்ள வூட்ல சோறு துன்னும்போதுகூட அந்த கேள்விய சொல்லிகினு கீறான். எனக்கே பாதி தெரியும். வெளிய வுட்டா இன்னா, வுடாங்காட்டி இன்னா?"

 சார் ஜன்னல் பக்கம் பார்த்தார். நல்லவேளையாக ஒரு விமானம் போனது.

அந்தப் பெண் எழுந்து நின்று பேசினார். "வெளியிடறதுதான் சார் நியாயம். இப்ப என்ன நடக்குது? யாருக்கு ஆள் தெரியுமோ அவங்களுக்குக் கேள்வி தெரியும். ஊர்ல எங்கேயோ தனியா உக்காந்து படிக்கிறவங்களுக்குத் தெரியாது. எல்லாருக்கும் குடுத்துட்டா எல்லாரும் ஒண்ணு."

"அப்ப படிக்கிறவனுக்கு என்ன மரியாத?" என்றார் சார்.

"கேள்வி தெரிஞ்சாலும் பதில் படிச்சாதானே சார் வரும்?"

சார் சுற்றிப் பார்த்தார். பார்வை என் மேல் நின்றது. உடனே ஓனர், "கரெக்டு, ஜெராக்ஸ்காரர கேளுங்க. இன்னாப்பா, நீ இன்னா சொல்ற?" என்றார்.

பதின்மூன்று பேரும் திரும்பினார்கள். எனக்கு இரண்டு பேர் சேர்ந்து பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூடப் பெண் கேட்ட கேள்விக்கு என் அக்காதான் பதில் சொன்னாள். "டீ ஆறிடும்" என்றேன். அதை ஏதோ ஆழமான கருத்து என்று எடுத்துக்கொண்டு ஒருவர் தலையாட்டினார்.

கடைசியில் இரண்டு கடிதங்கள் எழுதுவது என்று முடிவானது. வெளியிடக் கூடாது என்று சார் எழுதியது ஒன்று. வெளியிட வேண்டும் என்று அந்தப் பெண் எழுதியது ஒன்று. இரண்டையும் நான்தான் பிரதி எடுத்தேன். இரண்டிலும் ஓனர் மகன் கையெழுத்துப் போட்டிருந்தார். கேட்டதற்கு, "ரெண்டு பேருமே நம்மாளுதானே அண்ணாத்த" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு மதியம் கரண்ட் போனது. மெஷின் நின்றுவிட்டால் தெருவே அமைதியான மாதிரி இருக்கும். மேலே சார் கிளைடர்காரர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கயிறு பற்றிய பாடம்.

"ஏறிட்டு இருக்கீங்க. உயரம் கம்மி. கயிறு அறுந்துடுச்சு. என்ன பண்ணுவீங்க? மொதல்ல கிளைடரோட மூக்க இறக்கு! வேகம் வரணும். அப்புறம் நேரா முன்னாடி இருக்கிற எடத்துல இறங்கு. திரும்பிப் போகலாம்னு நெனச்சே, முடிஞ்சுது கத. திரும்பாத! நேரா!"

மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார். கீழே என் கடையின் டியூப் லைட் ஆடியது.

கரண்ட் வந்ததும், அடுத்த பரீட்சைக்குப் போகும் ஒருவருக்காக நோட்டை எடுத்து ஜெராக்ஸ் போட ஆரம்பித்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். ஆதார், சர்டிபிகேட், வாடகை ஒப்பந்தம் என்று இத்தனை வருடம் கண்ணாடியில் வைத்து வைத்து வந்த இங்கிலீஷ். ஏழாவது பக்கத்தில் அந்தக் கேள்வி இருந்தது. உயரம் குறைவு, கயிறு அறுந்தது, என்ன செய்ய வேண்டும்? வலது ஓரத்தில் முத்து முத்தான கையெழுத்தில் விடை: உடனே திரும்பி ஓடுதளத்துக்கு வர வேண்டும்.

முதலில் சார்தான் தப்பாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். நோட்டின் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. எத்தனை பேர் பார்த்த நோட்டு. ஆனால் சார் தட்டிய தட்டு காதில் இருந்தது. அன்று மாலை வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். விடைகளைச் சரிபார்க்கும் படிப்பு எனக்கு இல்லை. அதனால் எனக்குத் தெரிந்ததைப் பார்த்தேன். கையெழுத்துகளை.

ஒவ்வொரு கையெழுத்துக்கும் முகம் எனக்கு ஞாபகம் இருந்தது. இவர் மூன்று முறை தவறியவர். இவர் இரண்டு முறை தவறிவிட்டு ஊருக்கே போய்விட்டவர். இவர் ஓனர் மகன். இதுவும் ஓனர் மகன். இதுவும். பாஸான முகங்களையும் ஞாபகப்படுத்திப் பார்த்தேன். நெட்டையாக ஒரு பையன், கண்ணாடி போட்ட ஒரு டாக்டர், சகோதரிகள் இரண்டு பேர். அவர்களில் ஒருவருடைய கையெழுத்துகூட நோட்டில் இல்லை.

யோசித்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. திரையில் மார்க்கைப் பார்த்ததும், பாஸானவர் அம்மாவுக்குப் போன் செய்வார், கோவளத்துக்குப் போய்க் கடலைப் பார்த்து நிற்பார், நண்பர்களோடு பிரியாணி சாப்பிடுவார். வெயிலில் ரயில் ஏறி என் கடைக்கு வந்து உட்கார்ந்து எழுத அவருக்கு என்ன தலையெழுத்து? மறுபடியும் பரீட்சை எழுதவேண்டியவர்தான் வருவார். வந்து கேள்வியை எழுதுவார். எதிரே, தான் எந்த விடையைக் கொடுத்தாரோ அதை எழுதுவார். எது தப்பென்று கம்ப்யூட்டர் சொல்லவில்லை அல்லவா, அதனால் எல்லாமே அவருக்குச் சரிதான். அந்த விடையை அடுத்தவர் நெட்டுரு போட்டு, பரீட்சையில் கொடுத்து, தவறி, திரும்பி வந்து, அதே விடையை இன்னும் அழகாக எழுதிவைப்பார்.

கேள்விகள் ரகசியமாக இருக்க வேண்டும் என்று கை தட்டியவர்கள் எல்லோரும் தோற்றவர்களுடைய விடைகளைப் பத்திரமாகப் பாதுகாத்து வந்திருக்கிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அட்டை கிழிந்தபோது நீல அட்டை போட்டவன் நான்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சாரிடம் சொல்லலாம் என்றால் அவருக்குத்தான் நோட்டைப் பற்றியே தெரியாதே. தெரியாத ஒன்றில் தப்பு இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? ஓனர் மகனிடம் சொல்லலாம் என்றால் அவர் ஓனருடைய மகன். அதுவுமில்லாமல், விமானம் ஓட்டப்போகிறவர்களிடம் போய், தரையைவிட்டு இரண்டாவது மாடிக்கு மேல் ஏறியிராத ஒருவன், "நீங்கள் எழுதியிருப்பது தப்பு" என்று எந்த வாயால் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். மெஷின் நன்றாக ஓடியது.

பிறகு ஒரு புதன்கிழமை மதியம் அந்தப் பெண் கடைக்கு வந்தார். வழக்கமாக நேராக மாடிப்படி ஏறிவிடுகிறவர், அன்று கடை வாசலில் நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"அண்ணா, அந்த நோட்டு இருக்கா?"

எனக்குப் புரியாத மாதிரி நின்றேன்.

"அதாண்ணா, எல்லாரும் எடுக்கிறாங்களே. எனக்கும் ஒரு செட் போட்டுக் குடுங்க. திங்கக்கிழம எக்ஸாம்."

"நீங்க... வேணாம்னு..."

"வேணாம்னு சொல்லி என்னத்தக் கிழிச்சேன்? ஊரே படிக்குது. நான் ஒருத்தி மட்டும் நேர்மையா இருந்து ரெண்டு தடவ ஃபெயில் ஆனதுதான் மிச்சம்."

அவருக்கு என்ன அவசரம் என்று எனக்குத் தெரியும். பிறருடைய காகிதத்தைப் படிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் மரியாதை. கண் அதைக் கேட்பதில்லை. முந்தின மாதம் அவர் ஒரு கடிதத்தைப் பிரதி எடுத்தார். அவர் பறந்து பழகிய வடக்கத்தி மைதானத்திலிருந்து வந்தது. பயிற்சி தருகிறவருக்கு உதவியாளராக வேலை. அடுத்த மாதம் முடிவதற்குள் பரீட்சையில் பாஸாகி லைசென்ஸ் காட்டினால் சேர்த்துக்கொள்வோம், இல்லையென்றால் அந்த இடம் வேறு ஒருவருக்கு. திங்கட்கிழமையை விட்டால் அந்த மாதத்தில் வேறு பரீட்சை இல்லை. பாஸானால் பறக்கிற வேலை. தவறினால் பில் கவுண்டர்.

நோட்டை எடுத்தேன். முதல் பக்கத்தைக் கண்ணாடியில் வைத்து மூடியை இறக்கினேன். வெளிச்சம் இப்படியும் அப்படியும் ஓடியது. இரண்டு, மூன்று. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, வெளியே வந்து விழும் சூடான தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, படிக்காமலே அடுக்கிக்கொண்டிருந்தார். படிக்க வெட்கமாக இருந்தது போலிருக்கிறது. நான்கு, ஐந்து, ஆறு. ஏழாவது பக்கத்தை வைத்தேன். மூடியை இறக்கினேன். பொத்தானை அழுத்தவில்லை.

"பேப்பர் மாட்டிக்கிச்சாண்ணா?"

"ஆமா" என்றேன்.

மெஷினின் பக்கக் கதவைத் திறந்தேன். உள்ளே பார்த்தேன். ஒன்றும் மாட்டவில்லை. மூடினேன். மறுபடி திறந்தேன். பேசுவதற்கு எனக்கு ஏதாவது ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மெஷினின் உள்ளே பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அந்த விடையெல்லாம் ஃபெயிலானவங்க எழுதுனதும்மா."

"என்னது?"

"பாஸானவங்க யாரும் இங்க வர்றதில்ல. ஃபெயிலானவங்கதான் வந்து எழுதுவாங்க. அவங்க பரீட்சையில என்ன எழுதுனாங்களோ அதையே இங்கயும் எழுதிட்டுப் போவாங்க. எனக்குப் படிப்பு இல்ல. ஆனா ஆளுங்கள தெரியும்."

பல வருடங்களில் நான் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மூடியைத் தூக்கி நோட்டை எடுத்து ஏழாவது பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"திரும்பி வரணுமா? அந்த உயரத்துலயா?" என்றார் மெதுவாக. "அண்ணா, எனக்கு ஒருதடவ நெஜமாவே கயிறு அறுந்திருக்கு. மூக்க இறக்கி நேரா புல்லுல இறக்குனேன். இதுல போட்டிருக்கிற மாதிரி செஞ்சிருந்தா இப்ப உங்க கடையில உக்காந்திருக்க மாட்டேன்."

பக்கங்களைப் புரட்டினார். "இங்க பாருங்க, பலூன் குறுக்க வந்தா பலூன்தான் ஒதுங்கணுமாம். பலூன் எப்படிண்ணா ஒதுங்கும்? இது... ஏற்கெனவே ஒருத்தர் சுத்திச் சுத்தி ஏறிட்டிருக்கிற காத்துல நாம எதிர்ப்பக்கமா சுத்தணுமாம். மோதிட்டுச் சாக வேண்டியதுதான்." சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு சட்டென்று நிறுத்திவிட்டு, "இது எல்லாரும் படிக்கிறாங்களே. சாருக்குத் தெரியுமா?" என்றார்.

"சாருக்கு நோட்டே தெரியாது."

"ஆமாமா. அவருக்குத் தெரியாது" என்று தலையாட்டினார்.

கொஞ்ச நேரம் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எடுத்துக்கொண்டு போகவும் மனமில்லை, விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. நான்கு நாள்தான் இருந்தது.

"கேள்வியெல்லாம் நெஜமான கேள்விதானேண்ணா? அது தப்பில்லையே?"

"கேள்வி சரியாத்தான் இருக்கும். அத கம்ப்யூட்டர் கேட்டது."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. விடைய மறைச்சுட்டுப் போட முடியுமா?"

இது எனக்குத் தெரிந்த வேலை. பேச வேண்டிய அவசியம் இல்லாத வேலை. ஒரு வெள்ளைத் தாளை நீளவாக்கில் கிழித்து, வலது ஓரத்துக் கோட்டின் மேல் விடைகள் மறையும்படி வைத்து, நோட்டைக் கவிழ்த்துக் கண்ணாடியில் வைத்தேன். வெளியே வந்த தாளில் இடப்பக்கம் கேள்விகள். வலப்பக்கம் வெறும் வெள்ளை. முதல் ஆறு பக்கங்களையும் அப்படியே மறுபடி போட்டேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் அந்தத் துண்டை எடுத்து, சரியாக வைத்து, மூடி, அழுத்தி. அதுவரை நான் எடுத்த பிரதிகளிலேயே மெதுவாக எடுத்த பிரதி அதுதான்.

அவர் தாள்களை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போகவில்லை. ஸ்டூலிலேயே உட்கார்ந்து, பையிலிருந்து பாடப்புத்தகத்தை எடுத்து, வெள்ளையாக இருந்த ஓரத்தில் பென்சிலால் எழுத ஆரம்பித்தார். தெரியாத இடத்தில் புத்தகத்தைப் புரட்டினார். மறுநாளும் ஷிப்ட் முடிந்து வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். வந்த வாடிக்கையாளர்கள் எல்லாம் அவரைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர் என்று நினைத்துக்கொண்டு ஆதாரை நீட்டினார்கள். அவரும் வாங்கி என்னிடம் கொடுத்தார்.

கேள்விகளை முன்கூட்டியே வெளியிடலாமா என்று ஓனர் அப்போது கேட்டிருந்தால் எனக்கு ஒரு பதில் இருந்திருக்கும். ஆனால் கருத்துச் சொல்லும் கடைசித் தேதி முடிந்துவிட்டிருந்தது.

திங்கட்கிழமை பரீட்சை. அவரும் போனார், ஓனர் மகனும் போனார். மதியம் முடிந்துவிடும். அங்கிருந்து ரயிலில் தாம்பரம் வர ஒரு மணி நேரம், கூட்டமாக இருந்தால் இன்னும் கொஞ்சம். மூன்று மணியிலிருந்தே எனக்கு வேலை ஓடவில்லை. ஒருவருடைய ரேஷன் கார்டைத் தலைகீழாகப் பிரதி எடுத்தேன். ஸ்டேஷன் பக்கமிருந்து பெண்கள் யாராவது நடந்து வந்தால் எட்டிப் பார்த்தேன். கடைக்கு யாரும் வரக்கூடாது என்று ஒரு கடைக்காரன் வேண்டிக்கொண்டது அன்றுதான் என்று நினைக்கிறேன். இந்த முறை அவரும் நோட்டிலிருந்து படித்துவிட்டுப் போனவர்; அவர் வந்தால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான், தவறிவிட்டார்.

நாலரை மணிக்கு ஓனர் மகன் வந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. முகத்தில் அதே சிரிப்பு.

"அண்ணாத்த, நோட்ட எடு."

எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்க வேண்டும்.  பேனாவைத் தேடுவது போலக் கொஞ்ச நேரம் ஓட்டினேன். அவரே சொன்னார்.

"அக்கா எனுக்கு முன்னாடியே முட்ச்சிட்டு போயிட்ச்சி. மூஞ்ச பாத்தா ஒண்ணியும் தெர்ல. இங்க வந்துச்சா?"

"இல்ல."

"வரும் வரும். எங்க போயிடும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். தோளுக்கு மேலாகப் பார்த்தேன். இந்த முறையும் கயிறு அறுந்திருந்தது. அவர் கேள்வியை அழகாக எழுதி முடித்து, கோட்டைத் தாண்டி விடைக்குப் போனார். திரும்பி ஓடுதளத்துக்கு என்று பேனா தொடங்கியது.

இவரும் ஒருநாள் பாஸாகிவிடுவார். அதிர்ஷ்டம் என்று ஒன்று இருக்கிறது. பாஸாகி அந்தக் கயிற்றில் ஏறுவார். அவர் ஓனருடைய மகன் என்பது கயிற்றுக்குத் தெரியாது.

"மூக்க இறக்கணும்" என்றேன்.

"இன்னா?"

"கயிறு அறுந்தா மொதல்ல மூக்க இறக்கணும். அப்புறம் நேரா எறங்கணும். திரும்பக் கூடாது."

பேனாவை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனுக்கு எப்டி தெரியும்?"

"மேல சார் கத்துறது கீழ கேக்குது."

"நான் மேலதான குந்திகினு இருந்தேன். எனுக்குக் கேக்கலியே!"

"நீங்க நோட்ட படிச்சிட்டு இருந்திருப்பீங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். கடையைக் காலி செய் என்பாரோ என்றுகூடத் தோன்றியது. அவர் நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். முன் பக்கங்களைப் புரட்டினார். தன் கையெழுத்து இருந்த இடங்களில் எல்லாம் கொஞ்சம் நின்றார்.

"அண்ணாத்த, அப்ப இது அத்தினியும்..."

நான் மெஷினின் பக்கக் கதவைத் திறந்து உள்ளே பார்த்தேன்.

"அய்யய்யோ, பேஜாரு" என்றார். பிறகு எழுதியதை அடித்துவிட்டு, மூக்கை இறக்க வேண்டும், நேராக இறங்க வேண்டும் என்று எழுதினார். கீழே தேதி போட்டார். கையெழுத்துப் போடும்போது மட்டும் கொஞ்சம் தயங்கினார். போட்டுவிட்டு, டீ சொல்லவா என்று கேட்டார். இரண்டு டீ வந்தது. குடித்துவிட்டு அவர் புத்தகக் கடைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

அந்தப் பெண்ணுக்காகக் காத்திருந்ததில் ஐந்து மணி ஆனது. அவர் வரவில்லை. கும்பலோடு ஒரு ரயில் வந்து தெரு நிறைந்து வடிந்தது. ஆறு மணி. சாப்பாட்டு டப்பாப் பையோடு ஒரு பெண் வேகமாக என் கடையை நோக்கி வந்தார். எழுந்து நின்றுவிட்டேன். வேறு யாரோ; பக்கத்து மருந்துக் கடைக்குள் போனார். மேலே மாலை வகுப்பு தொடங்கியது. சார் யாரிடமோ, "கீழ போய் ஜெராக்ஸ் எடுத்துக்குங்க" என்றார். இரண்டு பேர் இறங்கி வந்து நோட்டைக் கேட்டார்கள். வெள்ளைத் தாளைக் கிழித்து விடைகளின் மேல் வைத்துப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். "என்னண்ணா, பதில் காணோம்?" என்றார்கள். "மெஷின் கோளாறு" என்றேன். உண்மையைச் சொல்லும் தைரியம் ஒரு நாளைக்கு எனக்கு அவ்வளவுதான்.

ஏழரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தேன். அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை, அதற்குப் பிறகு மாடி வகுப்புக்கும் வரவில்லை. அந்த நோட்டில் இன்றுவரை அவருடைய கையெழுத்து இல்லை.